நான் வைத்த கிரேக்கப் பெயர்

என் கணவருக்கு நான் ஒரு கிரேக்கப் பெயர் வைத்தேன். வேலைக்குப் போகப் பயப்படுவதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு, எர்கோஃபோபியா. எர்கோன் என்றால் கிரேக்கத்தில் வேலை, ஃபோபோஸ் என்றால் பயம். முழுசாகச் சொல்ல நீளமாக இருந்ததால் எர்கோ என்று சுருக்கிக்கொண்டேன். பெயர் வைத்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததால் அது நல்ல ஜோக்தான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பதினோரு வருஷம் ஆகிறது, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆசைப்படும் நர்ஸ் பெண்கள்தான் அங்கே படிக்க வருவார்கள். தளவாய்புரம், செட்டியார்பட்டி, கூமாப்பட்டி என்று சுற்றுப்பட்டி முழுக்க வருவார்கள். நான் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கீழே பால் சுண்டுகிற வாசனை வந்துகொண்டிருக்கும், மேலே நான் கிரேக்கம் பேசிக்கொண்டிருப்பேன்.

உண்மையில் எனக்குக் கிரேக்க மொழி ஒரு வரி தெரியாது. பழைய அகராதிகளிலிருந்து கிரேக்க வேர் கொண்ட இங்கிலீஷ் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து, பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு நோட்ஸ் தயாரித்து வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கொடுப்பேன். அதில்தான் என் கர்வம் எல்லாம் இருந்தது. வயிறு கடமுடா என்று சத்தம் போடுவதற்கு போர்போரிக்மஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பே கலகலத்துவிடும். பிரேதப் பரிசோதனையைக் குறிக்கும் ஆட்டோப்சி என்ற வார்த்தைக்கு வேரைப் பார்த்தால் தன் கண்ணால் பார்ப்பது என்றுதான் அர்த்தம் என்பேன். பெண்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

என் கணவருக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. மில்லில் புளோரூம் வேலை. இறுக்கிக் கட்டி வரும் பஞ்சுப் பேல்களை உடைத்து, உதிர்த்து, மிஷினுக்குக் கொடுக்கிற இடம் அது. நூலாகும் முன் பஞ்சில் இருக்கிற தூசி, தும்பு, செத்தை எல்லாம் முதலில் பறப்பது அங்கேதான். வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். நான் வாசலிலேயே துண்டைக் கொடுத்து உதறிவிட்டு வரச் சொல்வேன், தரையெல்லாம் பஞ்சாகிவிடும் என்று. சென்டரில் யாராவது கேட்டால், "சார் டெக்ஸ்டைல்ஸ்ல இருக்கார்" என்பேன். அப்படிச் சொன்னால் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு தோற்றம் வரும் பாருங்கள், அதற்காக.

அவருக்கு அப்போது வியாழக்கிழமை வார லீவு. லீவு அன்றைக்கு மனுஷர் ஜம்மென்று இருப்பார். மோட்டார் போட்டுத் தொட்டி கழுவுவார், மகளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார், சாயங்காலம் மூன்று பேரும் எங்கேயாவது போய்வருவோம். மறுநாள் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது ஆள் வேறு மாதிரி வருவார். பின்வாசல் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்திருப்பார்.

"நெஞ்சக் கயிறு போட்டு இறுக்குன மாதிரி இருக்குட்டி. மூச்சு அடி வரைக்கும் போக மாட்டேங்குது."

முதல் சில வாரங்கள் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஓமம் வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை கொஞ்சம் தேவலை என்பார். ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகச் சரியாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே படி, அதே குனிவு. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டால் ஞாயிற்றுக்கிழமை சரியானது. போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சரியானது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய புத்தி இல்லையா என்னுடையது? அந்தச் சமயத்தில்தான் நோட்ஸில் நாலாம் பக்கத்தில் இருந்த எர்கோஃபோபியாவை எடுத்து அவர் தலையில் வைத்தேன்.

பிறகு மில்லில் லீவு நாளை மாற்றினார்கள். இவருடைய செக்‌ஷனுக்கு வியாழன் போய் ஞாயிறு வந்தது. ஒரே மாதத்தில் அவருடைய நெஞ்சிறுக்கம் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள்கிழமைக்கு மாறிவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

"இம்புட்டு ஒழுங்கா காலண்டர் பாத்து வர்ற வியாதிய நான் எங்கயும் பாத்ததில்ல. மில்லுல நோட்டீஸ் ஒட்டுனது ஒங்க நெஞ்சுக்கும் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

அவர், "எனக்கும் அதான்ட்டி புரியல" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு கள்ளமும் இல்லை. அது அப்போதே என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதே, அதை விட்டுவிட மனசு வருமா? என் தம்பி வந்தபோது இதைக் கதையாகச் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில் என் அக்காவிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் மெருகேற்றினேன். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே "எர்கோ மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் "என்ன மாப்ள" என்று திரும்பிப் பார்த்தார். ஒருநாள்கூட அப்படிக் கூப்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்றால், நிறுத்தியிருக்க மாட்டேன். இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வழி திறந்தது. அவருடைய பெரியம்மா மகனுக்குக் கூமாப்பட்டியில் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், நீ வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டார். சம்பளம் மில்லில் கிடைப்பதைவிடப் பெரிதாகக் குறையாது. இவர் பத்து நாள் அங்கே போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

"பத்து நாளும் நெஞ்சே இறுக்கலட்டி. ராத்திரி முழுசாத் தூங்கினேன். மில்ல விட்டுட்டுப் போயிறலாமான்னு பாக்கேன்."

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது?

"தோப்புல போய்க் கட்டில்ல கெடந்தா யாருக்குத்தான் நெஞ்சு இறுக்கும்? வேலையக் கண்டு பயந்து ஓடுற ஆளுக்கு இன்னைக்கு மில்லு, நாளைக்குத் தோப்பு. எம் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கும்போது அப்பா தேங்காய்க்குக் காவல் இருக்காருன்னு சொல்லவா?"

சென்டரில் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று சொல்லிவைத்திருந்ததும் என் மனசில் ஓடியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் "சரி விடு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தார். மறுநாள் திங்கள்கிழமை. மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் நெஞ்சைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இறுக்கம் செவ்வாய்க்கும் நீண்டது, புதனுக்கும் நீண்டது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, எதையோ தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவுவார். இருமல் வந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். அனோசோக்னோசியா என்று ஒரு கிரேக்கச் சொல் என் நோட்ஸில் இருக்கிறது. தனக்கு நோய் இருப்பதே தனக்குத் தெரியாத நிலைமைக்குப் பெயர் அது. பக்கத்தில் படுத்திருக்கிறவனின் நோய் தெரியாமல் இருப்பதற்குக் கிரேக்கர்கள் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. வகுப்பில் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்திருந்தோம். அந்தப் பக்கத்தின் நடுவில் பிஸினோசிஸ் என்று ஒரு வார்த்தை. பிஸ்ஸோஸ் என்றால் கிரேக்கத்தில் மெல்லிய துணி, நார். பின்னால் வரும் ஓசிஸ் நோயைக் குறிக்கும். பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வருகிற நோய். பன்னிரண்டு வருஷமாக, பேட்ச் பேட்ச்சாக, இந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். "இதெல்லாம் அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் மில்லுல வந்த நோய், பரீட்சைக்கு மட்டும் தெரிஞ்சு வச்சிக்கோங்க" என்று நானாக ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவேன். காலையில் புளோரூம்காரருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்து நின்று சொல்வேன் அதை.

அன்றைக்கும் சொன்னேன். செட்டியார்பட்டிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

"மிஸ், இது அந்தக் காலத்து நோய் இல்ல மிஸ். எங்கம்மாவுக்கே இருக்கு. மில்லுல பஞ்சு சிக்கெடுக்குற கார்டிங்ல இருந்தாவ. லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்குச் சாயங்காலம் நெஞ்ச இறுக்கும்பாவ. ரெண்டு நாள்ல சரியாயிரும். பொறவு அடுத்த லீவு முடிஞ்சதும் திரும்ப வரும். நாங்கெல்லாம் சும்மா சொல்லுதாவன்னு நெனச்சோம். எங்க டாக்டர் சொல்லித்தான் தெரியும். அந்த மொத நாள்தான் இதுக்கு அடையாளமாம்."

கையில் மார்க்கர் இருந்தது. போர்டில் பாதி வார்த்தை எழுதியிருந்தேன். என் வாய் தானாக ஒரு கேள்வி கேட்டது.

"வார லீவை வேற கிழமைக்கு மாத்திட்டா?"

"அதுவும் மாறிரும் மிஸ். லீவுக்கு மறுநாள்தான கணக்கு."

யாரோ என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கீழே கடையில் யாரோ கிலோ கணக்கில் பால்கோவா கேட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. மிச்ச வார்த்தையை எழுதி முடித்தேன். ஒன்பதாம் பக்கத்தையும் முடித்தேன். பெல் அடிக்கும்வரை நின்று பாடம் நடத்தினேன். இதையும் சொல்லிவிட வேண்டும், நான் அப்போதே ஓடிப்போகவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் ஒரே ஸ்டேப்ளர் பின்னில்தானே கோத்திருந்தன என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன். ஐந்து தாள் புரட்டியிருந்தால் போதும். அதைத் தயாரித்தவளே நான்தான். நாக்கு நீண்ட அளவுக்கு எனக்குக் கண் நீளவில்லை. நான் பீற்றிக்கொண்ட அத்தனை வார்த்தைகள் மேலும் அன்றைக்கு எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. இன்னும் போகவில்லை.

அந்த வாரமே அவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு நோய் டாக்டர். வயசானவர். ஒரு மிஷின் குழாயில் வாயை வைத்து ஊதச் சொன்னார்கள். இவர் மூன்று தடவை ஊதினார். மூன்றாவது தடவை ஊதிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் தாளைப் பார்த்தார், மில்லில் எந்த வேலை என்று கேட்டார். அடுத்த கேள்வி, "வார லீவு என்னைக்கு? லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்கும்?"

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இவளக் கேளுங்க சார். இவதான் அதெல்லாம் கவனிச்சு வச்சிருந்தா" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என் ஞாபகசக்தியை நம்பித்தான் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வியாழன், வெள்ளி, பிறகு ஞாயிறு, திங்கள், கூமாப்பட்டியில் பத்து நாள். ஊரெல்லாம் கதையாகச் சொல்லிப் பழகியதால் தடுமாறாமல் வந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே, "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லம்மா" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆரம்பத்துலயே தூசிய விட்டு வெளிய வந்திருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காது. அந்தத் தோப்புக்குப் போனப்பவாவது மில்ல விட்டிருக்கலாம். இனிமே மருந்து கூட வரும், அவ்வளவுதான். போனது திரும்ப வராது" என்றார். இவர் சரி சார், சரி சார் என்று தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தை என் நோட்ஸிலேயே இருந்ததை, பன்னிரண்டு வருஷமாக நான் அதைச் சொல்லிக்கொடுத்ததை, எதையும் மறைக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப இதுக்குப் பேரு இருக்கா?"

"இருக்கு."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

பையில் இருந்த நோட்ஸின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இங்கிலீஷிலும் தமிழிலும் பெரிசாக எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மருந்துச் சீட்டை மறந்தாலும் மறப்பார், அந்தத் தாளை மறக்கமாட்டார். மில்லில் கணக்கு முடித்து வெளியே வந்த அன்றைக்கு மேஸ்திரியிடம் அதைக் காட்டினாராம். டீக்கடையில் காட்டினார். என் தம்பி வந்தபோது எடுத்து விரித்து, "பாத்தியா மாப்ள, வேலைக்குப் பயந்து சொல்லல. பேரு இருக்கு பாரு" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நான் இப்போதும் சென்டருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு பேரும் வீட்டில் உட்கார முடியாதே. நோட்ஸ் இப்போதும் பன்னிரண்டு பக்கம்தான். நாலாம் பக்கத்தில் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. அடித்துவிட்டால் எனக்குச் சௌகரியமாகிவிடும். ஒன்பதாம் பக்கம் வரும்போது முதல் நாள் அடையாளத்தைச் சொல்கிறேன், வீட்டில் மில்லுக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள் என்கிறேன். பெண்கள் குறித்துக்கொள்கிறார்கள். பரீட்சையில் வருமா மிஸ் என்று ஒருத்தி கேட்டாள்.

அவருடைய இறுக்கத்துக்கு இப்போது வார லீவு கிடையாது. ஏழு நாளும் ஒரே மாதிரிதான். மெதுவாகப் பேசினால் பேசலாம், குரல் உயர்த்த முடியாது. அதனால் எதற்கென்றாலும் போன்தான் செய்வார். கொல்லையிலிருந்து அடுப்படிக்கு, கட்டிலிலிருந்து வாசலுக்கு.

போன மாதம் மகள் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது மேஜைமேல் அவளுடைய போன் அடித்தது. என்னுடையது சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் அவளுக்கு அடித்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். அவர் படம், வியாழக்கிழமை லீவு இருந்த காலத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். அதற்குக் கீழே, இங்கிலீஷ் எழுத்தில், எர்கோ அப்பா.

காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "செத்த... தண்ணி கொண்டா தாயி" என்றார், மகள் என்று நினைத்து.

சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அதே பின்வாசல் படியில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நான் கையிலிருந்து வைக்கவில்லை, லைனையும் கட் பண்ணவில்லை. சொம்பை வாங்கும்போது அவர் கண் ஸ்கிரீனில் விழுந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். தண்ணீரைக் குடித்தார். இரண்டு மடக்குக்கு நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திக் குடித்தார்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டைப்பையில் கையை விட்டு அந்தத் தாளை எடுத்தார். மடிப்புகள் பிய்ந்து நாலு துண்டாகப் போகிற மாதிரி இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"போன்ல அந்தப் பேர எடுத்துட்டு, இதப் பாத்து எழுதச் சொல்லு அவள. இதான் நெசம்."